பந்து சோறு போட்ட கதை

அன்புள்ள ஐயா,
நான் வியாசர்பாடிக்காரன். வயது 27. சிறுசேரியில் ஐடி வேலை. மனம் முழுக்கக் கால்பந்துதான். வேலையை விட்டுவிட்டு எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளராக ஆசை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு இது புரியவில்லை. அவருக்குப் பணம்தான் பெரிது. வேலையை இப்போதே விடவா, இரண்டு வருடம் பொறுக்கவா? வயது தடையாகுமா?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,
வயது ஒரு பிரச்சினையே இல்லை, விடு. ஆனால் 'அவருக்குப் பணம்தான் பெரிது' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? உன் முதல் பூட்ஸ் யார் காசில் வந்தது?

ஆசையா, பணமா என்று நம் பக்கத்தில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. பெரம்பூரில் 1955இல் ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. அங்கேயும் தெற்கு ரயில்வேயிலும் போலீசிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்றுதான் இங்கே எத்தனையோ பையன்கள் விடிகாலையில் மைதானத்துக்கு ஓடினார்கள். அதனால் அவர்களுக்கு ஆட்டத்தின் மேல் ஆசை குறைவு என்று சொல்லிவிடுவாயா?

என் அண்ணன் முல்லை நகர் மைதானத்தில் வெறுங்காலில் ஆடியவர். "பந்தா சோறு போடும்?" என்று அம்மா தினமும் திட்டுவார். கடைசியில் பந்துதான் சோறு போட்டது. கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில் அக்கா கல்யாணம் நடந்தது, நான் கல்லூரிக்குப் போனேன். பகலில் ஒர்க்ஷாப், சாயங்காலம் மைதானம் என்று முழங்கால் போகும்வரை ஆடினார். நான் இன்று எழுதுகிறேன் என்றால் அந்தச் சம்பளம்தான் காரணம்.

2024இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் வடசென்னைப் பெண்தான். அப்பா ஆட்டோ ஓட்டுநர். ஆட்டோ ஓடினால்தான் அன்றைக்கு வருமானம். அந்த வருமானத்தை மறைத்துவிட்டு அவள் ஜெயித்த கதையைச் சொல்ல முடியுமா? ஒருவருடைய ஆசைக்குப் பின்னால் இன்னொருவரின் உழைப்பு இருக்கிறது. அந்த மனிதரைப் பணத்தாசை பிடித்தவர் என்று சொல்வது அநியாயம், தம்பி.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் பகலில் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். மைதானத்துக்கு வருவது காலையிலும் சாயங்காலமும்தான். சனி, ஞாயிறு உன் கையில் இருக்கிறது. முதலில் அதில் ஆரம்பி, பயிற்சியாளருக்கான டி லைசென்ஸையும் முடி. அப்புறம் அப்பாவோடு உட்கார்ந்து வாடகை எவ்வளவு, மருந்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுது. அந்தக் கணக்கோடு எனக்கு மறுபடியும் கடிதம் போடு. எப்போது விடலாம் என்று பேசுவோம்.