பழைய ஓவியத்தைப் பாத்து புதுசா வரையறது காப்பி இல்லையா?

காப்பினு சொல்றவங்க அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி 2005ல வரைஞ்ச நெப்போலியன் படத்த ஒரு தடவை கூகுள்ல பாருங்க. ஒரிஜினல் பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி டாவிட் 1801ல வரைஞ்சது, ஆல்ப்ஸ் மலைல குதிரை முன்னங்கால தூக்கி நிக்கும், மேல நெப்போலியன் கைய நீட்டிட்டு இருப்பாரு. (நெஜத்துல மனுஷன் கோவேறு கழுதைல தான் மலைய தாண்டினாரு, டாவிட் போட்டது பக்கா பில்டப்!)

வைலி அதே குதிரை அதே போஸ் எல்லாம் வச்சுட்டு, நெப்போலியனுக்கு பதிலா மிலிட்டரி ப்ரிண்ட் டிரெஸ், டிம்பர்லேண்ட் பூட்ஸ், தலைல பண்டானா கட்டின ஒரு கறுப்பின இளைஞர உக்கார வச்சுட்டாரு, அதுவும் ஸ்டார் எல்லாம் இல்ல, தெருவுல பாத்து கூப்பிட்ட ஆளு. பின்னாடி மலை, வானத்துக்கு பதிலா சிவப்புல தங்க டிசைன். டாவிட் படத்துல கீழ பாறைல போனபார்ட் (நெப்போலியனோட குடும்பப் பேரு), ஹன்னிபால் (பழங்காலத்துல ஆல்ப்ஸ தாண்டின தளபதி)னு பேர் செதுக்கியிருக்கும், வைலி அங்க வில்லியம்ஸ்னு ஒரு பேர சேத்திருக்காரு, எனக்கு படத்துலயே அது தான் செம குசும்பு.

அதாவது போஸ் மட்டும் தான் கடன், கேள்வி அவரோடது: இந்த கம்பீரத்துல இத்தன நூறு வருஷமா யார வரைஞ்சாங்க, யார விட்டாங்க? ஒரிஜினல் தெரியலைனா பாதி புரியாது, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க. வைலியோடது புரூக்ளின் மியூசியம் கலெக்‌ஷன்ல இருக்கு.