கேங்மேன் மகனுக்கு

அன்புள்ள ஐயா,

ஐடிஐ ஃபிட்டர் முடித்து ஒரு வருடம் ஆகிறது. லோகோ பைலட் ஆக வேண்டும் என்பது என் ஆசை. சேலத்தில் ஒரு சென்டரில் ஆறு மாத ரயில்வே சர்டிபிகேட் கோர்ஸ் நடத்துகிறார்கள். கட்டணம் 85,000 ரூபாய். முடித்தால் வேலை உறுதி என்கிறார்கள். அப்பா ரயில்வேயில் கேங்மேன், தண்டவாளம் பராமரிக்கிற வேலை. வேண்டாம் என்கிறார். அவருக்குப் படிப்பு கிடையாது, கடப்பாரை பிடித்தே காலம் போய்விட்டது, இதெல்லாம் அவருக்குத் தெரியாது. நான் சேரலாமா? ரயில்வே வேலையெல்லாம் வடக்கத்திக்காரர்களுக்குத்தான் என்கிறார்களே, அது உண்மையா?

ம., தீவட்டிப்பட்டி

அன்புள்ள தம்பி,

சேராதீர்கள்.

இரண்டாவது சந்தேகத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ரயில்வே தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். எழுதி வேலைக்குப் போனவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மற்றதெல்லாம் டீக்கடைப் பேச்சு, விடுங்கள்.

உதவி லோகோ பைலட் வேலைக்குப் பத்தாம் வகுப்பும், அவர்கள் கேட்கிற பிரிவில் ஐடிஐயும் போதும். ஃபிட்டர் அதில் உண்டு. ஆர்ஆர்பி, அதாவது ரயில்வே தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வரும்போது விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். முதல் தேர்வை எழுதினால் அதிலும் 400 திரும்பி வரும். அப்புறம் இரண்டாவது தேர்வு, கம்ப்யூட்டரில் ஒரு திறன் சோதனை, மருத்துவப் பரிசோதனை. இன்ஜின் ஓட்டுவதை, தேர்வான பிறகு, ரயில்வேயே தன் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும், கையில் பணமும் கொடுத்து. வெளியே விற்கிற எந்தச் சர்டிபிகேட்டுக்கும் இதில் எங்கேயும் இடம் கிடையாது.

2022 டிசம்பரில் வந்த செய்தியைத் தேடிப் படியுங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேரைப் புது தில்லி ரயில் நிலையத்தில் உட்காரவைத்து, தினமும் எட்டு மணி நேரம் வந்துபோகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணச் சொன்னார்கள். ஒரு மாதம் எண்ணினார்கள். அதுதான் பயிற்சி என்று நம்பினார்கள். போனது மொத்தம் 2.67 கோடி ரூபாய். அவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. உங்களைப் போல வேலைக்கு ஏங்கியவர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைச் சுட்டது இதெல்லாம் இல்லை. ‘கடப்பாரை பிடித்தே காலம் போய்விட்டது, இதெல்லாம் அவருக்குத் தெரியாது.’ இதை எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

என் மாமா டேனிஷ்பேட்டையில் கீமேனாக இருந்தார், லைனில் நடந்து தண்டவாளத்தைச் சோதிக்கிற வேலை. பள்ளிக்கூட லீவில் அத்தை வீட்டுக்குப் போனால், விடிகாலையில் அவர் பின்னாலேயே லைனில் நடப்பேன். லோக்கூர் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில், லைன் வளைந்து வளைந்து ஏறும். தோளில் சுத்தியல், கையில் ஸ்பேனர், இடுப்பில் சிவப்புக் கொடி, தகர டப்பாவில் வெடி. போகும்போது ஒரு தண்டவாளம், திரும்பும்போது இன்னொன்று. என்னோடு பேசிக்கொண்டே வருவார், கண்ணை மட்டும் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற ஸ்லீப்பர் கட்டையை விட்டு எடுக்கமாட்டார். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்து வைக்கிற இரும்புத் துண்டுதான் கீ. அது இறுக்கமாக இருந்தால் சுத்தியல் பட்டதும் ‘ணங்’ என்று கேட்கும். தளர்ந்திருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு வரிசையாகத் தட்டுவார். “எது லூசு, சொல்லுடா” என்பார். நான் தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தட்டுவார்.

தண்டவாளம் விரிசல் விட்டிருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அங்கேயே நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். வண்டி வருகிற திசையில் கொடியைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடி. மறுபடி ஓட்டம். 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று வெடி. சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் வண்டியை நிறுத்துவார். மாமா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைப் பிசகாமல் சொல்வார்.

நீங்கள் ஓட்ட ஆசைப்படுகிற வண்டி அந்த வேகத்தில் போவது இப்படிப்பட்டவர்களை நம்பித்தான். நாளைக்கு அந்த வெடிச் சத்தம் கேட்டு பிரேக் பிடிக்கப்போகிறவர் நீங்கள். மூச்சிரைக்க ஓடிவந்து அதை வைத்தவர் உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர். உங்கள் அப்பாவுக்கு ரயில்வே தெரியாது, ஏசி ரூமில் உட்கார்ந்து நோட்டீஸ் நீட்டுகிறவருக்குத் தெரியுமா? அப்பா வேண்டாம் என்று சொன்னது படிக்காததால் இல்லை. யார் எப்படி வேலைக்கு வருகிறார்கள் என்பதைத் தினமும் பார்ப்பதால். அவருடைய செக்ஷனுக்குப் புதிதாக வந்த பையன்கள் எந்த வழியில் வந்தார்கள் என்று இன்று ராத்திரியே அவரிடம் கேளுங்கள். உடல்தகுதித் தேர்வில் 35 கிலோ மூட்டையைக் கீழே வைக்காமல் இரண்டு நிமிடத்தில் 100 மீட்டர் தூக்கிப் போய், ஒரு கிலோமீட்டரை நாலேகால் நிமிடத்தில் ஓடிக்காட்டி வந்தவர்கள் அவர்கள்.

அப்புறம், கண். லோகோ பைலட்டுக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் முழுப் பார்வை வேண்டும், நிறம் பிரித்துத் தெரிய வேண்டும். லேசர் சிகிச்சை செய்துகொண்ட கண் ஆகாது. இரண்டு தேர்விலும் தேறிவிட்டு மெடிக்கலில் வெளியே வருகிறவர்களுக்கு அப்போதுதான் தெரியவரும், நிறம் பிரித்துப் பார்க்கவைக்கிற புள்ளிப் படத்தில் எண் தங்களுக்குத் தெரியவில்லை என்று. படிக்க உட்காரும் முன்பே சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் கண்ணைக் காட்டிவிடுங்கள்.

சர்டிபிகேட்தான் வேண்டும் என்றால் ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் சேருங்கள். போத்தனூர், பொன்மலை, பெரம்பூர் பணிமனைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். தேர்வு கிடையாது, மதிப்பெண்தான். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு கேங்மேன் போன்ற லெவல் ஒன்று வேலைகளில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு.

அந்த 85,000 யாருடைய பணம் என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவின் பி.எஃப். பணத்தை எடுப்பதாக இருந்தால், அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்காதீர்கள்.