சீனியர் சிட்டிசன் பாலிசி: வருட நடுவில் கம்பெனி மாறலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 67, அம்மாவுக்கு 63. இருவருக்கும் சேர்த்து 2024 நவம்பரில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு எடுத்தோம். அப்பாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. மறைக்காமல் எழுதித்தான் எடுத்தோம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும் என்று பாலிசியில் இருக்கிறது. ஒரு முறை ரினியூ செய்த பிறகு, 2026 பிப்ரவரியில் அம்மா டெங்குவுக்கு அட்மிட் ஆனபோது கிளைம் வந்துவிட்டது. அடுத்த ரினியூவல் நவம்பர் 20. இப்போது ஜூனிலேயே ஓர் ஏஜென்ட், "இதை கேன்சல் பண்ணிடுங்க, மீதிப் பணம் திரும்ப வந்துடும், இதே பிரீமியத்துல பத்து லட்சம் கவர் வாங்கித் தர்றேன்" என்கிறார். மாறிவிடலாமா? (மதுரை வாசகி)

பதில்: இப்போது மாறாதீர்கள். முதலில் அந்த "மீதிப் பணம்". ஒரு வருட பாலிசியை நடுவில் ரத்து செய்தால், மீதமுள்ள மாதங்களுக்கான பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த வருடம் கிளைம் எதுவும் வாங்கியிருக்கக் கூடாது. நீங்கள் பிப்ரவரியில் வாங்கிவிட்டீர்கள். இருவருக்கும் ஒரே பாலிசி என்பதால், அப்பா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை என்று வாதாடிப் பயனில்லை.

பணத்தைவிடப் பெரியது உங்கள் கணக்கில் ஏறியிருக்கும் காத்திருப்புக் காலம். மூன்று வருடத்தில் பாதிக்கு மேல் தாண்டிவிட்டீர்கள். ரத்து செய்து புதிதாக எடுத்தால் அந்த மாதங்கள் அத்தனையும் போச்சு. முதல் 30 நாள் விபத்தைத் தவிர எதற்கும் பணம் கிடைக்காது என்பதில் தொடங்கி, கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்கான தனிக் காத்திருப்பு, சுகர், பிரஷருக்கானது என எல்லாம் முதலிலிருந்து எண்ணப்படும். 67 வயதில் சுகரோடு இருப்பவருக்கு இதெல்லாம் சின்ன விஷயமில்லை. பத்து லட்சம் கவர் என்று அட்டையில் இருக்கும். தேவைப்படும் நோய்க்கு வாங்க முடியாது.

காத்திருப்பை இழக்காமல் கம்பெனி மாறும் வழிக்குப் பெயர்தான் போர்ட்டபிலிட்டி. அது ரினியூவல் சமயத்தில் மட்டுமே நடக்கும். விண்ணப்பத்தை ரினியூவல் தேதிக்கு 60 நாளுக்கு மேல் இருக்கும்போதும் கொடுக்கக் கூடாது, 45 நாளுக்குக் குறைவாக இருக்கும்போதும் கொடுக்கக் கூடாது. உங்கள் விஷயத்தில் செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 6 வரை. காலண்டரில் இன்றே வட்டம் போட்டு வையுங்கள். விண்ணப்பம் போன பிறகு, பழைய கம்பெனி உங்கள் விவரங்களை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அது கிடைத்த ஐந்து நாளுக்குள் புதிய கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐஆர்டிஏஐ) வகுத்த கெடு இது.

நவம்பரில் போர்ட் ஆகும்போது இரண்டு வருடம் முடிந்திருக்கும். புதிய பாலிசியிலும் மூன்று வருடக் காத்திருப்பு என்றால் பாக்கி ஒரு வருடம்தான். ஆனால் இந்தச் சலுகை பழைய ஐந்து லட்சத்துக்கும், கிளைம் வாங்காத வருடத்துக்கான போனஸ் சேர்ந்திருந்தால் அதற்கும்தான். கூடுதலாக வாங்கும் தொகைக்குப் புதிதாகத்தான் எண்ணுவார்கள். ஏஜென்ட்டுகள் இதைச் சொல்லி நான் கேட்டதேயில்லை.

இன்னொன்று: போர்ட் கேட்பது உங்கள் உரிமை, ஏற்பது புதிய கம்பெனியின் விருப்பம். மருத்துவப் பரிசோதனை முடிவைப் பார்த்து மறுக்கலாம். மறுத்தால் பழையதிலேயே ரினியூ செய்துகொள்ளுங்கள். கிளைம் வாங்கினீர்கள் என்ற காரணத்துக்காக அவர்கள் ரினியூவலை மறுக்க முடியாது. அதனால் புதியவரின் சம்மதம் எழுத்தில் கைக்கு வரும் வரை பழையதைத் தொடாதீர்கள்.

ஐந்து லட்சம் போதாது என்பதுதான் கவலை என்றால், நவம்பர் வரை காத்திருக்கவும் வேண்டாம். சூப்பர் டாப்-அப் பாலிசி ஒன்றை எந்த மாதத்திலும் எடுக்கலாம். ஐந்து லட்சத்தைத் தாண்டும் செலவை அது பார்த்துக்கொள்ளும். முழு பாலிசியைவிட பிரீமியமும் குறைவு. அதற்கும் காத்திருப்பு உண்டு என்பதால் சீக்கிரம் எடுப்பது லாபம். பாலிசி பத்திரம் கைக்கு வந்து, படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் நாலு கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பம் போட வேண்டாம். "வேறு எந்தக் கம்பெனியாவது உங்களை மறுத்திருக்கிறதா?" என்று படிவத்தில் கேட்பார்கள், அங்கே உண்மையைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: என் தாயாருக்கு மூன்று லட்சம் பாலிசி. ஆபரேஷனுக்கு 2,14,000 ரூபாய் பில் வந்தது. கம்பெனி கொடுத்தது 1,13,600 மட்டுமே. வெறுத்துப்போய்விட்டது. வருடம் முடியும் வரைகூடக் காத்திருக்க மனமில்லை. (திருச்சி வாசகர்)

பதில்: கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் அனுப்பிய பில் நகலைப் பார்த்தால் பணம் போன இடம் தெரிகிறது. உங்கள் பாலிசியில் ரூம் வாடகை உச்சவரம்பு காப்புத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் எடுத்தது 6,000 ரூபாய் அறை, நான்கு நாள். வாடகை 24,000-ல் பாதி போனது மட்டுமல்ல. டாக்டர், தியேட்டர் கட்டணம் 1,20,000-மும் அதே விகிதத்தில் பாதியாகிவிட்டது. மருந்து, பரிசோதனைகளுக்கான 70,000 மட்டும் முழுசாகத் தப்பியது. கூட்டினால் 1,42,000. அதில் கோ-பே, அதாவது நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, 20 சதவீதம், 28,400 கழிந்தது. மிச்சம்தான் உங்கள் கைக்கு வந்த தொகை.

ஒரு இடத்தில் பிடி கிடைக்கலாம். எந்த அறையில் இருந்தாலும் டாக்டர் கட்டணம் ஒன்றுதான் என்கிற ஆஸ்பத்திரி என்றால், இப்படி விகிதப்படி கழிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியிடம் அதை லெட்டர்பேடில் எழுதி வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். மறுத்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாமல் போனாலோ, சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மறுப்பு வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கம்பெனி மாறுவதை ரினியூவலின்போது வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ரூம் வரம்பும் கோ-பேயும் உள்ள இன்னொரு பாலிசிக்கே போனால் கம்பெனிப் பெயர்தான் மாறும். பிரீமியத்தை ஒப்பிடும் முன் இந்த இரண்டையும் பாருங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. பழைய பிரீமியத்தோடு ஒப்பிடும்போது அந்த 18 சதவீதத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மகனின் ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் நானும் மனைவியும் ஆறு வருடமாக இருக்கிறோம். அடுத்த மாதம் அவன் வேலையை விடுகிறான். எங்கள் கதி? (கோவை வாசகர்)

பதில்: வருட நடுவில் மாறியே ஆக வேண்டியவர் நீங்கள்தான். அவருடைய கடைசி வேலை நாளுடன் உங்கள் கவரும் பொதுவாக முடிந்துவிடும். அதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்திடம் தனிநபர் பாலிசிக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அங்கே இருந்த வருடங்களைக் காத்திருப்புக் கணக்கில் வரவு வைப்பார்கள். வேறு கம்பெனி வேண்டுமென்றால் அங்கே ஒரு வருடம் இருந்துவிட்டு போர்ட் செய்யலாம். முக்கியமாக, ஆறு வருடங்களும் உங்கள் இருவர் பெயரும் இருந்ததற்கான சான்றிதழ்களை மகன் எச்ஆரிடம் இப்போதே வாங்கி வைக்கட்டும். வேலையை விட்ட பிறகு மெயிலுக்குப் பதில் வருமா என்பது சந்தேகம்தான். புது ஆபீஸிலும் பெற்றோருக்குக் கவர் உண்டு என்றாலும் இதை விடாதீர்கள். அடுத்த வேலை மாற்றத்தில் மறுபடியும் இதே பிரச்சினை வரும்.

கேள்வி: ரினியூவலுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இப்போது போர்ட் பண்ண முடியுமா? (வேலூர் வாசகி)

பதில்: 45 நாள் கெடு தாண்டிவிட்டதால் கேட்டாலும் பரிசீலிக்கக்கூட வேண்டிய கட்டாயம் புதிய கம்பெனிக்கு இல்லை, அவர்களாக விரும்பினால் பரிசீலிக்கலாம். இன்றே கேட்டுப் பாருங்கள். நான்கைந்து நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் பழையதற்கே பணம் கட்டிவிடுங்கள். அதன் பிறகும் 30 நாள் சலுகைக் காலம் உண்டே என்று இழுக்க வேண்டாம். அதற்குள் கட்டினால் வருடக் கணக்கு அறுந்துபோகாது. ஆனால் கட்டாமல் இருக்கும் நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் கிளைம் கிடைக்காது.