நாற்றுகளை நிழலிலிருந்து மொட்டை மாடி வெயிலுக்கு எப்போது மாற்றலாம்?

பால்கனி நிழலில் குழித்தட்டில் வளரும் தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை எத்தனை நாளில் மொட்டை மாடித் தொட்டிக்கு மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாகத் தக்காளிக்கு ஏறத்தாழ 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 35 முதல் 40 நாள் என்பார்கள். ஆனால் வெளிச்சம் குறைந்த பால்கனியில் இந்தக் கணக்கு எளிதில் தள்ளிப்போகும் என்பதால், நான் நாளைவிட வேரையே நம்புகிறேன்.

தட்டின் அடித்துளை வழியாக விரலால் அழுத்தி, ஒரே ஒரு நாற்றை மட்டும் வெளியே எடுத்துப் பாருங்கள். குழியில் நிரப்பிய தென்னை நார்க்கழிவு பொலபொலவென்று உதிர்ந்தால் நாற்று இன்னும் தயாராகவில்லை; அதைத் திரும்ப வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். வெண்ணிற வேர்கள் நார்க்கழிவை இறுகப் பிடித்துக்கொண்டு, குழியின் வடிவம் கலையாமல் முழுதாக வந்தால் அதுவே சரியான பருவம். வேர்கள் பழுப்பேறி அடியில் வளையமாகச் சுற்றத் தொடங்கியிருந்தால் பருவம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இலைகளை எண்ணுபவர்கள் முதலில் விரிந்த இரு வித்திலைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவற்றுக்குப் பின் வந்த உண்மையான இலைகள் குறைந்தது நான்கு இருக்க வேண்டும்.

வேர் தயாராகிவிட்டது என்பதற்காக இலையும் தயாராகிவிட்டது என்று கொள்ள முடியாது. குளிர்நாட்டுத் தோட்டக் காணொளிகள் உறைபனி முடியும் நாளைப் பற்றியே பேசுகின்றன. சென்னையிலும் மதுரையிலும் நாற்றைக் கொல்வது வெயிலும் சூடேறிய தளமும்தான். நிழலில் விரிந்த இலையின் மேற்தோல் மெல்லியது. நேர் வெயிலில் அது இழக்கும் நீரின் அளவுக்கு, புதிய மண்ணில் இன்னும் ஊன்றாத வேரால் உறிஞ்சித் தர இயலாது என்பதால், செடி மதியத்துக்குள் துவண்டு, இலைகளில் வெளிறிய திட்டுகள் விழுகின்றன. ஆகவே மாற்றுவதற்கு முந்தைய ஒரு வாரம், முதல் நாள் காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் என்று தொடங்கி, நாள்தோறும் நேரத்தைக் கூட்டி, கடைசி இரண்டு நாள் முழுப் பகலும் மாடியிலேயே தட்டை விடுங்கள். அவ்வாரத்தில், வாடவிடாத அளவுக்குத் தண்ணீரையும் சற்றுக் குறைத்தால் தண்டு முறுக்கேறும். மாடிக் காற்றில் அசைவதும் தண்டைத் தடிக்கச் செய்யும். பகல் முழுவதும் வெயிலில் நின்ற நாற்று மாலையில் துவளாமல் நிமிர்ந்திருந்தால், அன்று மாலையே தொட்டியில் நட்டுவிடலாம்.

வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டு சாயும் தக்காளியை, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் இந்தச் சலுகையை நம்ப வேண்டாம். அவற்றைத் தட்டில் இருந்த ஆழத்திலேயே நடுங்கள்.

கத்திரி வெயில் நாட்களில் நாற்று தயாரானால், வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையின் கீழ் நடுவதே நல்லது. பாகல், புடலை, பீர்க்கு போன்ற கொடிகளுக்கு நான்கு இலை வரை காத்திருக்க வேண்டாம். அவற்றின் வேர் குலைவைத் தாங்காது என்பதால் இரண்டு உண்மையான இலைகள் விரிந்ததும் மாற்றிவிடுங்கள். வெண்டை, முள்ளங்கி ஆகியவற்றைத் தொட்டியிலேயே நேரடியாக விதைத்துக்கொள்ளலாம்.