குன்னத்து உருண்டைகள், ஹபிள் சண்டை, இன்னும் சில: அறிவியல் கேள்வி பதில்

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். புதைபடிவங்கள் மீது தனி ஆசை உண்டு. ‘ஆராய்ச்சி பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஜோதிடம் அறிவியலா என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அதை ஆரம்பித்தால் மற்றதற்கு இடம் இருக்காது.

பெரம்பலூரிலிருந்து: சார், 2020இல் எங்கள் குன்னம் பக்கம் ஏரியில் டைனோசர் முட்டை கிடைத்தது என்று வாட்ஸ்அப் முழுக்க ஓடியது. அப்புறம் சத்தமே இல்லை. அது முட்டையா இல்லையா?

முட்டை இல்லை. புவியியலாளர்கள் போய்ப் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றிக் கெட்டிப்பட்ட வண்டல் உருண்டைகள் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ‘முட்டை இல்லை’ என்றதும் ஆர்வம் வடிந்துபோனதுதான் எனக்கு வருத்தம். அந்த உருண்டைக்குள் இருக்கும் கதை ஒன்றும் சாதாரணமில்லை.

பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊர் கடலுக்கு அடியில் இருந்தது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் இத்தனை சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் இருப்பதே அந்தக் கடல் விட்டுப்போன சொத்தால்தான். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த அம்மோனைட்டுகள் அங்கே ஏராளம். அவை கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். ஒன்று செத்துச் சேற்றில் புதைந்தால், உடல் அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறுகிறது. கால்சியம் கார்பனேட் படிந்து சேற்றைச் சுற்றிலும் கெட்டியாக்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளர்வதால் கடைசியில் உருண்டை ஆகிவிடும்.

அது முட்டையா என்று பார்க்க வடிவம் உதவாது, ஓடுதான் சாட்சி. மெல்லிய சீவல் வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், முட்டை ஓட்டில் படிகங்கள் வரிசைகட்டி நிற்கும். குஞ்சு மூச்சுவிடும் துளைகளும் தெரியும். வண்டல் உருண்டையில் இரண்டுமே இருக்காது.

இதற்கு நேர்மாறாக மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் ஒன்று நடந்தது. அங்கே ஒரு கிராமத்தில் வயலில் கிடைத்த கல் உருண்டைகளை நிலம் காக்கும் தெய்வமாக வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அவை உண்மையிலேயே டைனோசர் முட்டைகள் என்று 2023இல் தெரியவந்தது. அதே மாவட்டத்தில் 92 கூடுகளும் 256 முட்டைகளும் கிடைத்ததாக அந்த ஆண்டு ஆய்வுக் கட்டுரையும் வந்தது.

அதே ஊர்க்காரர் தொடர்ந்து கேட்டது: அப்படியானால் நம் பக்கம் டைனோசரே இல்லையா?

இருந்தது. அரியலூர் அருகே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள்: புருகத்காயோசாரஸ். ‘பெருத்த உடல் கொண்டது’ என்று பொருள். கீழ்க்கால் எலும்பே 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு மற்றவர்கள் ஆராய்ந்து, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாற்றினார்கள். உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளின் பட்டியலில் இன்றும் இதன் பெயர் அடிபடுகிறது.

ஆனால் எலும்புகள் இப்போது இல்லை. நொறுங்கிப் போய்விட்டன. அசல் இல்லாததால் ‘அது எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரமாக இருக்கும்’ என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும்போது அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. 2022இல் பழைய புகைப்படங்கள் வெளிவந்த பிறகு ‘எலும்புதான்’ என்ற பக்கம் பலம் கூடியிருக்கிறது. ஆனால் அளவை மறுபடி எடுத்துப் பார்க்க வழியில்லை. அதனால் ‘உலகிலேயே பெரியது’ என்று யாராவது அடித்துச் சொன்னால், ‘இருக்கலாம்’ என்று மட்டும் தலையாட்டுங்கள்.

கல்லூரி மாணவர், திருநெல்வேலி: அண்ணா, டைனோசர் வயதை கார்பன் டேட்டிங்கில்தானே கண்டுபிடிக்கிறார்கள்?

இல்லை தம்பி. கார்பன்-14இன் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். ஐம்பதாயிரம் ஆண்டுகளைத் தாண்டினால் அளக்கும் அளவுக்கு எதுவும் மிஞ்சாது. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். அங்கே எலும்பை நேரடியாக அளப்பதில்லை. அதற்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பல் அடுக்குகளைத் தேடுகிறார்கள். சாம்பலில் உள்ள சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். யுரேனியம்-238இன் அரைவாழ்வு சுமார் 447 கோடி ஆண்டுகள், எனவே தாராளமாகத் தாங்கும். எலும்பின் வயது இரண்டு அடுக்குகளின் வயதுகளுக்கு நடுவில் எங்கோ இருக்கும்.

அவரே: டி.என்.ஏ. எடுத்து மறுபடி உருவாக்க முடியுமா?

முடியாது. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை ஆராய்ந்தவர்கள், டி.என்.ஏ.வின் அரைவாழ்வு அங்கே சுமார் 521 ஆண்டுகள் என்று 2012இல் கணக்கிட்டார்கள். குளிரான இடத்தில் இன்னும் தாங்கும். கிரீன்லாந்து மண்ணிலிருந்து 20 லட்சம் ஆண்டு பழைய டி.என்.ஏ. துணுக்குகளை எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து 6.6 கோடிக்கு வெகுதூரம். ஆனால் நிறம் தெரியும்! சில புதைபடிவங்களில் நிறமி உறைகள் அப்படியே இருக்கின்றன. சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததை 2010இல் அப்படித்தான் கண்டார்கள்.

ஐ.டி. ஊழியர், சென்னை: புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் வந்த பிறகு புரதப் பிரச்சினை ‘தீர்ந்தது’ என்கிறார்கள். உயிரியல் ஆய்வகங்களுக்கு இனி என்ன வேலை?

இந்தக் கதை உங்கள் அலுவலகத்துக்குக் கிட்டத்திலேயே தொடங்குகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்களின் சங்கிலி. அந்தச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எங்கே அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் என்பதை 1963இல் ஒரே வரைபடத்தில் போட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் கூட இருந்தார்கள். யார் புரத அமைப்பு கண்டுபிடித்தாலும், அது சரியா என்று இன்றைக்கும் முதலில் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

கணினியால் வடிவத்தைக் கணிக்கும் போட்டி ஒன்று 1994 முதல் நடக்கிறது. விடை தெரிந்தவர்கள் அதை மறைத்து வைத்துக்கொள்வார்கள், போட்டியாளர்கள் அமினோ அமில வரிசையை மட்டும் வைத்துக் கணிக்க வேண்டும். 2020இல் ஆல்ஃபாஃபோல்டு 2 அதில் மற்ற எல்லோரையும் எங்கேயோ விட்டுவிட்டுப் போனது. 2022க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிப்பை இலவசமாகப் போட்டுவிட்டார்கள். 2024 வேதியியல் நோபலில் பாதி டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. மறுபாதி, புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு.

பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எதை வைத்துக் கற்றுக்கொண்டது? 1971இல் தொடங்கிய பொதுத் தரவு வங்கியை வைத்து. படிகம் வளர்த்து, எக்ஸ்-கதிர் அடித்து, ஒரு புரதத்துக்காகவே முனைவர் பட்டக் காலம் முழுவதையும் செலவழித்தவர்களின் உழைப்பு அது. அந்த வங்கி காசு கேட்டிருந்தால் இந்த மென்பொருள் வந்திருக்காது என்பது என் கருத்து.

இன்னொன்று, அது முடிவான வடிவத்தைச் சொல்கிறதே தவிர, சங்கிலி எப்படி மடங்கி அங்கே வந்தது என்று சொல்வதில்லை. நிலையான வடிவமே இல்லாத புரதங்களிலும் தடுமாறும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. ஒவ்வொரு பகுதிக்கும் தன் நம்பிக்கை எவ்வளவு என்று அதுவே மதிப்பெண் போடுகிறது. நீலம் என்றால் நம்பலாம், ஆரஞ்சு என்றால் ஆய்வகத்துக்குப் போ என்று அர்த்தம். ஆகவே வேலை போகாது. ஆரஞ்சு நிறையவே இருக்கிறது.

தமிழாசிரியர், தஞ்சாவூர்: எரிந்து கரியான பழைய சுருளைத் திறக்காமலே கணினி படித்துவிட்டதாமே? கணினி தானாக எழுத்தைக் கற்பனை செய்திருக்காதா?

நல்ல சந்தேகம் ஐயா. அந்த ஆய்வாளர்களுக்கும் முதல் பயமே இதுதான். கி.பி. 79இல் இத்தாலியின் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியத்தில் ஒரு மாளிகையின் நூலகம் கரியானது. சுருளைத் தொட்டால் உதிரும். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் சீல்ஸ் குழு எக்ஸ்-கதிரால் உள்ளே படமெடுத்து, அடுக்குகளைக் கணினியில் பிரித்தது. ஆனால் மையும் கரி, தாளும் கரி. படத்தில் வேறுபாடே தெரியாது.

பின்பு மை இருந்த இடத்தில் மிக நுண்ணிய வெடிப்புகள் இருப்பதை ஒருவர் வெறும் கண்ணால் கவனித்தார். அந்த வெடிப்புகளை வைத்து லூக் ஃபாரிட்டர் என்ற மாணவர் ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பழக்கி, 2023இல் கிரேக்கச் சொல் ஒன்றை வெளிக்கொண்டுவந்தார். ஊதா நிறத்தைக் குறிக்கும் சொல். கற்பனையைத் தடுக்க என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கணினி மாதிரியை ஒரு முழு எழுத்தைப் பார்க்கவே விடவில்லை. எழுத்தைவிடச் சிறிய துண்டைக் காட்டி, ‘இங்கே மை உண்டா, இல்லையா’ என்று மட்டும் கேட்டார்கள். கிரேக்கம் தெரியாத ஒன்றுக்குக் கிரேக்கத்தில் புளுக முடியாது. தவிர, தனித்தனியாக வேலை செய்த வேறொருவருக்கும் அதே சொல் தெரிந்தது. அப்புறம்தான் சுவடி வல்லுநர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

வங்கி ஊழியர், கோவை: குவாண்டம் கணினி வந்துவிட்டது, நம் பாஸ்வேர்டு எல்லாம் போச்சு என்கிறார்களே?

இன்றைக்கு இல்லை. 2024 டிசம்பரில் கூகுள் காட்டிய வில்லோ சில்லில் 105 க்யூபிட்டுகள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகள். இணையத்தில் ரகசியம் காக்கப் பரவலாக உள்ள ஆர்.எஸ்.ஏ. பூட்டை உடைக்க 2019இல் போட்ட கணக்கு 2 கோடி க்யூபிட். 2025இல் அதே ஆய்வாளர் பத்து லட்சத்துக்கும் குறைவாக இறக்கிவிட்டார். இயந்திரம் மெதுவாக வளர்கிறது, தேவை வேகமாகக் குறைகிறது, கவனிக்க வேண்டியது இதைத்தான். அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டிலேயே புதிய பூட்டுகளுக்கான தரங்களை வெளியிட்டுவிட்டது. இப்போதைக்கு உங்கள் பிறந்த தேதியை பாஸ்வேர்டாக வைக்காமல் இருந்தால் போதும்.

பொறியாளர், யாழ்ப்பாணம்: ‘ஹபிள் இழுபறி’ என்று அடிக்கடி வருகிறது. பெருவெடிப்புக் கொள்கை பொய்யாகிவிட்டதா?

பொய்யாகவில்லை. சண்டை வேறு இடத்தில்: அண்டம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதில். ஒரே காணியை இரண்டு சர்வேயர்கள் இரண்டு மூலைகளிலிருந்து அளந்து, இரண்டு பேரும் ‘என் சங்கிலி சரி’ என்று நிற்கிறார்கள். காணி இருக்கிறதா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

முதல் அளவு பழைய ஒளியிலிருந்து வருகிறது. பெருவெடிப்புக்குச் சுமார் 3.8 லட்சம் ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய வெளிச்சம் இன்று நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. 1964இல் பென்சியாசும் வில்சனும் அமெரிக்காவில் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவில் இதைக் கேட்டபோது, புறாக்களின் எச்சத்தால் வரும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை, பின்னர் நோபல் வந்தது. இந்த ஒளியின் நுட்பமான ஏற்ற இறக்கங்களை பிளாங்க் செயற்கைக்கோள் வரைந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் அண்டம் விரியும் வீதம் 67.4. அதாவது ஒரு மெகாபார்செக், சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரம் கூடினால், விலகும் வேகம் வினாடிக்கு 67.4 கிலோமீட்டர் கூடும்.

இரண்டாவது அளவு ஏணி. ஹார்வர்டில் ஹென்ரியெட்டா லெவிட் 1912இல் காட்டியது: செஃபீட் விண்மீன்கள் துடிக்கும் கால இடைவெளியை வைத்தே அவற்றின் உண்மையான பிரகாசத்தைச் சொல்லிவிடலாம். உண்மைப் பிரகாசம் தெரிந்தால், எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரம் கிடைக்கும். அதிலிருந்து இன்னும் தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்களுக்கு, அதாவது வெடிக்கும் விண்மீன்களுக்கு, ஏறுகிறார்கள். ஆடம் ரீஸ் குழுவுக்கு இப்படிக் கிடைத்தது 73.

இரண்டு தரப்பின் பிழை எல்லையையும் சேர்த்துப் பார்த்தாலும் 67உம் 73உம் ஒட்டவில்லை. ‘நெருக்கமான விண்மீன்களின் ஒளி கலந்து செஃபீட் அளவு கெட்டிருக்கும்’ என்று ஒரு வாதம் இருந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கூர்மையாகப் பார்த்தும் ரீஸ் குழுவின் எண் அசையவில்லை. அதே தொலைநோக்கியை வைத்து வென்டி ஃப்ரீட்மன் குழு வேறு வகை விண்மீன்களையும் அளந்து, 70க்குப் பக்கம் வருகிறது, பிரச்சினையே இல்லாமல்கூட இருக்கலாம் என்கிறது. என்னைக் கேட்டால், ஏணியில் ஒரு படி எங்கோ ஆடுகிறது என்றே பந்தயம் கட்டுவேன். ஆனால் பெரிய தொகை கட்டமாட்டேன்.

மதுரை வாசகர்: சரி, தினம் ஒரு ‘உலகை மாற்றும் கண்டுபிடிப்பு’ வருகிறது. எதை நம்புவது?

2011இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை 730 கிலோமீட்டர் ஓடிய நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முந்தியதாக ஓபரா குழு அறிவித்தது. ‘எங்களுக்கே புரியவில்லை, தப்பைக் கண்டுபிடியுங்கள்’ என்றுதான் அவர்கள் சொன்னார்கள். தலைப்புச் செய்திகள்தான் ஐன்ஸ்டைனைக் கவிழ்த்தன. கடைசியில் காரணம், சரியாகச் செருகப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி.

2023 ஜூலையில் கொரியாவிலிருந்து எல்கே-99 வந்தது. அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாத மீக்கடத்தி என்றார்கள். உலகம் முழுக்க, டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட, செய்து பார்த்தார்கள். சில வாரங்களில் விஷயம் முடிந்தது. மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் கலப்படமாக இருந்த காப்பர் சல்ஃபைடு. தூய்மையாகச் செய்த படிகம் மின்சாரத்தையே கடத்தவில்லை.

நான் பார்ப்பது ஒன்றே: சம்பந்தமில்லாத இன்னொரு குழு வேறு கருவியில் செய்து பார்த்ததா? இல்லையென்றால் செய்தியைப் படித்து ரசிப்பேன், யாருக்கும் ஃபார்வர்டு செய்யமாட்டேன்.

ஒரு தாயார், சேலம்: மகள் பத்தாம் வகுப்பு. டைனோசர் ஆராய்ச்சிதான் செய்வேன் என்கிறாள். என்ன படிக்க வைப்பது?

மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுக்கட்டும் அம்மா, உயிரியல் இருந்தால் நல்லது. பிறகு இளங்கலைப் புவியியல். கவனமாக விண்ணப்பியுங்கள், நாடுகளையும் மக்களையும் பற்றிய ஜியாகிரபி அல்ல, பாறை படிக்கும் ஜியாலஜி. சென்னை மாநிலக் கல்லூரியில் இந்தத் துறை உண்டு. உங்கள் ஊர் பெரியார் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்த் துறையைக் காட்டுங்கள். பிற்பாடு ஆராய்ச்சிக்கு லக்னோவில் பீர்பல் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது. விடுமுறையில் அரியலூர் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கும், சாத்தனூர் கல்மரத்துக்கும் போய்வாருங்கள். அங்கே எதையும் பொறுக்கி வர வேண்டாம். புகைப்படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பழக்கம் இப்போதே வந்துவிட்டால் நல்லது.