எல்லாவற்றையும் ஸ்ட்ரிங் ஆக்கிவிடலாமா?

கேள்வி: ஆர்டர் விவரங்களை கிராஃப்கியூஎல் (கிளையன்ட் செயலிகள் தமக்கு வேண்டிய தரவை மட்டும் வினவிப் பெறும் முறை) ஏபிஐ வழியாகக் கொடுக்கிறோம். சர்வர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. ஆர்டர் எண் 19 இலக்கம் கொண்டது. அதை இன்ட் என்று அறிவித்தால் பிழை வருகிறது. ஃப்ளோட் என்று அறிவித்தால் கடைசி இலக்கங்கள் மாறிவிடுகின்றன. அதனால் ஆர்டர் எண், தொகை, தேதி எல்லாவற்றையும் ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) ஆக்கிவிட்டோம். இப்போது ஒரே சரிபார்ப்பை ஒவ்வொரு ரிசால்வரிலும் (வினவலில் கேட்ட தரவைத் தரும் செயல்கூறு) திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. சொந்தமாக ஸ்கேலர் (ஒற்றை மதிப்புக்கான) வகைகளை உருவாக்கலாமா? அவற்றுக்குள் எவ்வளவு சரிபார்ப்பை வைக்கலாம்?

பதில்: தாராளமாக உருவாக்குங்கள். எல்லாமே ஸ்ட்ரிங் என்று சொல்லும் ஸ்கீமா (ஏபிஐயின் தரவு வகைகளை விவரிக்கும் வரையறை), அதைப் படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. தேதி கேட்கும் இடத்தில் யாராவது 'நாளை' என்று அனுப்பினாலும் அது ரிசால்வர் வரை போய்ச் சேரும். ஆனால் எந்தச் சரிபார்ப்பு ஸ்கேலருக்குள் இருக்க வேண்டும், எது வெளியே இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த ஒரு மதிப்பை மட்டும் பார்த்து, வேறு எதையும் கேட்காமல் சரி, தவறு சொல்ல முடியுமானால் அது ஸ்கேலரின் வேலை. டேட்டாபேஸையோ, பயனரின் உரிமையையோ, பக்கத்துப் புலத்தையோ (ஃபீல்டையோ) பார்க்க வேண்டியிருந்தால் அது ரிசால்வருக்குப் பின்னால் இருக்கும் வணிக விதிகளின் வேலை. '2025-02-30' என்ற தேதி நாள்காட்டியில் இல்லை. இதை ஸ்கேலரே சொல்லிவிடலாம். முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்குப் பிந்தையதா என்பதை ஸ்கேலரால் சொல்ல முடியாது.

உங்கள் ஆர்டர் எண்ணுக்கு வருவோம். கிராஃப்கியூஎல் தன்னுடன் கொண்டுவரும் ஸ்கேலர்கள் ஐந்து: இன்ட், ஃப்ளோட், ஸ்ட்ரிங், பூலியன், ஐடி. இன்ட் என்பது 32 பிட் முழு எண். அதன் உச்சம் 2,14,74,83,647. உங்கள் எண் அதில் அடங்காது. ஃப்ளோட் 64 பிட் மிதவைப் புள்ளி எண். முழு எண்களை இடைவெளியின்றித் துல்லியமாகத் தாங்குவது 2-இன் 53-ஆம் அடுக்கு வரைதான். ஒரு கிளையன்ட் 9007199254740993 என்ற எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் ஜேசான் என்ற தரவு வடிவத்தில் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் அந்த ஜேசானைப் பிரித்த கணமே அது 9007199254740992 ஆகிவிடும். உங்கள் ஸ்கேலர் அதன் பிறகுதான் அழைக்கப்படும். அதன் கைக்கு வருவதே தவறான எண். எவ்வளவு கவனமாகச் சரிபார்த்தாலும் பயனில்லை. பெரிய எண்கள் நெட்வொர்க்கில் ஸ்ட்ரிங்காகத்தான் பயணிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அப்படியானால் ஐடி போதாதா? பெரும்பாலும் போதும். அது எப்போதும் ஸ்ட்ரிங்காகவே வெளியே போகும். ஆனால் உள்ளே வரும்போது ஸ்ட்ரிங், முழு எண் இரண்டையும் ஏற்கும். மேலே சொன்ன, ஏற்கெனவே சிதைந்த எண் வேரியபிளாக (வினவலுக்கு வெளியே தனியாக அனுப்பும் மதிப்பாக) வந்தால் ஐடி அதை முணுமுணுக்காமல் ஸ்ட்ரிங்காக மாற்றி உள்ளே விட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. திறப்பது வேறொருவரின் ஆர்டராக இருக்கலாம். எனவே ஆர்டர் எண்ணுக்கு ஸ்ட்ரிங்கை மட்டும் ஏற்று, 19 இலக்கங்களா என்று பார்த்து, எண் வகையில் வந்தால் திருப்பி அனுப்பும் தனி ஸ்கேலரை எழுதுங்கள்.

ஸ்கேலர் எழுதும்போது மூன்று செயல்கூறுகள் வரும். வெளியே அனுப்புவதற்கு சீரியலைஸ். வேரியபிளாக வரும் மதிப்புக்கு பார்ஸ்வேல்யூ. வினவலுக்குள்ளேயே நேரடியாக எழுதப்பட்ட மதிப்புக்கு பார்ஸ்லிட்டரல். பலர் பார்ஸ்வேல்யூவில் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு பார்ஸ்லிட்டரலில் மதிப்பை அப்படியே திருப்பித் தந்துவிடுகிறார்கள். முன்கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பது போன்றது அது. சரிபார்ப்பை ஒரே செயல்கூறில் எழுதி இரண்டிலிருந்தும் அதையே அழையுங்கள். பார்ஸ்லிட்டரலை எழுதாமலே விட்டால், ஜாவாஸ்கிரிப்டின் கிராஃப்கியூஎல் நூலகம் அந்த மதிப்பைத் தானே மாற்றி பார்ஸ்வேல்யூவிடம் கொடுக்கும். அந்த மாற்றத்தில் பெரிய முழு எண்ணின் இலக்கங்கள் மீண்டும் சிதையும். மதிப்பு எந்த வகையில் எழுதப்பட்டது என்பதும் அங்கே மறைந்துவிடும். நீங்களே எழுதிவிடுவது நல்லது.

தேதிக்கு வடிவத்தை மட்டும் சோதிப்பது போதாது. நான்கு இலக்கம், இரண்டு, இரண்டு என்று பார்க்கும் விதி பிப்ரவரி 30-ஐ ஏற்றுக்கொள்ளும். தேதியைப் பிரிக்கும் கருவிகள் சில அதை மார்ச் 2 என்று சத்தமில்லாமல் தள்ளிவிடும். எளிய வழி ஒன்று உண்டு: வந்த ஸ்ட்ரிங்கைத் தேதியாக மாற்றி, அதே வடிவத்தில் மீண்டும் ஸ்ட்ரிங்காக எழுதி, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். நேரமும் சேர்ந்து வந்தால் நேர வலய வேறுபாடு இல்லாததை ஏற்காதீர்கள். தேதி மட்டும் ஒரு வகை, தேதியும் நேரமும் சேர்ந்தது வேறு வகை. இரண்டையும் ஒன்றில் அடைக்க வேண்டாம்.

தொகைக்கு ஃப்ளோட் வேண்டவே வேண்டாம். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும் வகையில் யாருடைய பணத்தையும் வைக்கக் கூடாது. பதின்ம ஸ்ட்ரிங்காக அனுப்பி, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதை ஸ்கேலரில் கட்டுப்படுத்துங்கள். நூறில் ஒரு பங்கைச் சிற்றலகாகக் கொண்டு இன்ட் வகையில் வைத்தால் சுமார் 2.14 கோடியோடு இடம் தீர்ந்துவிடும்.

பெயர், குறிப்பு போன்ற சாதாரண ஸ்ட்ரிங்குகளுக்கு நீள வரம்பு வைக்கும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று தெரிந்து எண்ணுங்கள். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து; யூனிகோடில் ஐந்து குறியீடுகள்; யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். 'கொ' என்ற எழுத்தின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறுவேறு. சரிபார்ப்பதற்கு முன் என்எஃப்சி என்ற யூனிகோடின் ஒருமித்த வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கட்டாயப் புலத்துக்கு ஸ்கீமாவில் ஆச்சரியக்குறி போடுவீர்கள். அது நல் (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் null) மதிப்பைத் தடுக்கும், வெற்று ஸ்ட்ரிங்கைத் தடுக்காது. வெளியே போகும் புலங்களில் அந்தக் குறியை யோசித்துப் போடுங்கள். சீரியலைஸ் அங்கே ஒரு மதிப்பை மறுத்தால் அந்தப் புலம் மட்டும் காலியாகாது; நல் ஏற்கும் மேல்நிலை வரை எல்லாமே காலியாகிவிடும். பழைய டேட்டாபேஸில் ஒரே ஒரு பிழையான தேதி இருந்தால் ஆர்டர் பட்டியல் முழுவதும் மறைந்துபோகக்கூடும்.

பிழைச் செய்தியில் 'தவறான மதிப்பு' என்று மட்டும் எழுதாமல், எந்த வடிவம் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்துவிடாதீர்கள். வேரியபிளை ஸ்ட்ரிங் என்று அறிவித்திருக்கும் கிளையன்ட்களின் வினவல்கள், அந்த உள்ளீட்டின் வகையை நீங்கள் மாற்றிய உடனே சரிபார்ப்பில் விழுந்துவிடும். புதிய வகையில் புதிய புலத்தையும், கட்டாயமில்லாத புதிய உள்ளீட்டையும் சேர்த்து, பழைய புலத்துக்கு டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறியிடுங்கள். பழையதை யாரும் கேட்கவில்லை என்று சர்வர் பதிவுகள் காட்டிய பிறகு அதை நீக்கலாம்.