புதன் சுருங்குவது வயல் வெடிப்பதைப் போன்றதா?

"மேட்டூர் அணையை மூடிய பிறகு கோடையில் எங்கள் திருவாரூர்ப் பக்கத்து வயல்கள் பாளம் பாளமாக வெடிக்கின்றன. புதன் கோள் ஆறிச் சுருங்குவதும் இப்படித்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மன்னார்குடிக்காரன்தான், அந்த வெடிப்பில் கால் மாட்டி விழுந்தவன். ஆனால் புதனில் நடப்பது இதற்கு நேர்மாறு.

வயலில் மேல்மண் காய்ந்து சுருங்குகிறது, அடிமண் ஈரத்தோடு அப்படியே இருக்கிறது. பரப்பு போதாமல் மேல்மண் பிளக்கிறது. புதனிலோ சுருங்குவது உள்பகுதி. அதன் 2,440 கி.மீ. ஆரத்தில் ஏறத்தாழ 2,000 கி.மீ. இரும்புக் கருவம். அது ஆறி உறைய உறையக் கன அளவு குறைகிறது. முன்பே இறுகிவிட்ட மேலோட்டுக்கு இடம் போதவில்லை. மாடியில் காயும் மணத்தக்காளி வற்றலை எடுத்துப் பாருங்கள்: உள்ளே வற்ற, தோல் மடிகிறது.

பாறை மடிவதோடு நிற்பதில்லை. உடைந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறிவிடுகிறது. 1974-இல் மரினர் 10 விண்கலம் அனுப்பிய படங்களில் இந்த மேடுகள் தெரிந்தன. சில, நூற்றுக்கணக்கான கி.மீ. நீளம். எனக்குப் பிடித்த சாட்சி வேறு: வட்டமான விண்கல் பள்ளத்தின் நடுவே மேடு ஓட, தரையின் ஒரு பாதி மறுபாதியைவிட உயர்ந்து நிற்கும். பள்ளம் முந்தியது, சுருக்கம் பிந்தியது என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? மெசஞ்சர் விண்கலத்தின் படங்களைக் கொண்டு 2014-இல் கணக்கிட்டபோது, ஆரம் 7 கி.மீ. வரை குறைந்திருக்கலாம் என்று வந்தது.

பூமியும் ஆறத்தான் செய்கிறது. இங்கே மேலோடு ஒரே ஓடாக இல்லாமல் பல தட்டுகளாக நகர்ந்து, புதைந்து, புதிதாகப் பிறந்துகொண்டே இருப்பதால் அந்தச் சுருக்கம் தனியாகத் தெரிவதில்லை.